யாருக்குக் காட்ட வேண்டாம்

விளம்பரம் போட்ட முதல் மாதத்தில் இருநூறு பேருக்கு மேல் பதில் அனுப்பியிருந்தார்கள். ஜன்னல் ஒன்றுகூட வரவில்லை.

கொசுவலை செய்கிறவர்களுக்குக் கணக்கு ஜன்னலில்தான். ஆளும் வீடும் அதற்கு அப்புறம். இரண்டு வலைக்காரர்கள் வழியில் சந்தித்தால் "எத்தனை ஜன்னல் ஓடுது?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். ஏழு ஜன்னல் இருந்தால் நல்ல வீடு. இரண்டே ஜன்னல் என்றாலும் அதே ஏணியைத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கடை தெருமுனையில் இருந்தது. இரண்டே அறைகள். முன்னறையில் ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கான மேசை, அறுக்கும் இயந்திரம், சுவரோரம் நிறுத்திய அலுமினியக் கம்பிகள். பின்னறையில் குடித்தனம். நடுவில் ஒரு துணித்திரை. கம்பி அறுக்கும்போது திரையை எவ்வளவு இழுத்து மூடினாலும் தூள் எப்படியோ உள்ளே போய்ப் படுக்கையில் இறங்கிவிடும். காலையில் எழுந்தால் கடைக்காரியின் கன்னத்தில் ரெண்டு மினுக்கு ஒட்டியிருக்கும். "பொண்டாட்டிக்கு நகை போடலன்னு இனி யாரும் சொல்ல முடியாது," என்பான் அவள் கணவன்.

அவனை எல்லோரும் ரசமட்டம் என்று கூப்பிட்டார்கள். ரசமட்டம் என்பது சட்டம் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கும் கருவி. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி. அது நடுக்கோட்டில் நின்றால் சரி. அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும். ஆனால் பெயர் வந்ததற்கு அது பாதிக் காரணம்தான். வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை வந்தாலும் அவன் அந்தக் குமிழியைப் போல நடுவிலேயே நிற்பான். மற்ற பாதி அது.

வேலை பார்ப்பதற்கு எளிது. முதலில் அளவு. கட்டடம் கட்டுகிறவர்கள் செங்கோணம் என்று சொல்வதெல்லாம் ஒரு நல்லெண்ணம்தான். எந்த ஜன்னலும் நிஜத்தில் சதுரமில்லை. அதனால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுத்து, எது சின்னதோ அதற்குச் சட்டம் அறுக்க வேண்டும். சட்டத்தைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். வலையை மேலே விரித்து, பள்ளத்தில் ரப்பர் கயிற்றை வைத்து, கைப்பிடி போட்ட சின்னச் சக்கரத்தால் அழுத்திக்கொண்டே போனால் வலை தானே இறுகும். இதைக் கடைக்காரி செய்வாள். இறுக்கம் போதாவிட்டால் வலை தொய்யும். அதிகமானால் சட்டத்தின் நீளப் பக்கம் உள்ளே வளைந்துவிடும். எங்கே நிறுத்துவது என்று அவள் விரல்களுக்குத் தெரியும்.

தெரியாதது, ஜன்னலுக்கு எங்கே போவது என்பது.

கட்டட உரிமையாளர் ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "மழை பிடிக்கறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடும்மா. கையெழுத்துப் போட்டா மூணு வருஷத்துக்கு நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். இல்லேன்னா பக்கத்து போன் கடைக்காரன் நடுச்சுவரை இடிச்சுக்கறேன்னு கடப்பாறையோட நிக்கிறான்."

மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட, மாதாமாதம் ஜன்னல் வரும் என்ற தைரியம் வேண்டும். போடாவிட்டால் கடையும் போச்சு, வீடும் போச்சு. அப்புறம் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். ஊரின் மறு கோடியில் இருந்த பெரிய வீடு.

பெரிய வீடு ரசமட்டத்தின் அண்ணன் வீடு. மூத்தவருக்குக் குழாய் வியாபாரம். தம்பி தன் கிடங்கில் வந்து நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது கடைக்காரி கேட்டுவிட்டாள்: "இவர் உங்களுக்குத் தம்பியா, சம்பளத்துக்கு ஆளா?" கேட்ட வாயோடு கிளம்பி வந்து இந்தக் கடையைப் போட்டார்கள். ரசமட்டத்தோடு அண்ணனும் அண்ணியும் பேசத்தான் செய்தார்கள். அவளோடு பேச்சு நின்றது. மூத்தவர் நிறுத்தினார்; அவர் மனைவி நிறுத்தினாள்; அந்த இரண்டு பேரைப் பார்த்து, ஊரெங்கும் பரவியிருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நிறுத்தினார்கள்.

விளம்பரத்தை அவளேதான் போட்டாள். வேலை முடித்த ஒரு ஜன்னலைப் படம் எடுத்து, நாலு வரி எழுதி, கீழே "செய்தி அனுப்புக" என்று ஒரு பொத்தான் வைத்தாள். யாருக்குக் காட்ட வேண்டும் என்று போன் கேட்டது. முதலில் இருந்த பதில், "உங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்களும் அவர்களைப் போன்றவர்களும்." அது நியாயமாகத்தான் பட்டது. தொட்டாள்.

பின்தொடர்பவர்கள் யார் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. கடைப் பக்கத்தைத் திறந்தபோது ரசமட்டம் தன் போனில் இருந்த எல்லா எண்ணுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தான். அவளோடு பேசாத அத்தனை பேரும் தம்பி கடைதானே என்று அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

முதல் பதில் ஓரகத்தியிடமிருந்து வந்தது. மூத்தவரின் மனைவி. "வலை நல்லா இருக்கு. உடம்பைப் பாத்துக்க."

கடைக்காரி சக்கரத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் படித்தாள். கணவனிடம் போனை நீட்டினாள். அவன் இரண்டு தடவை படித்தான். பிறகு தரையில் கிடந்த சட்டத்தின்மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் கிடக்கும் சட்டத்துக்கு மட்டம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அதன்பிறகு மடை திறந்தது. மூத்தவள் பேசிவிட்டாள் என்றால் எல்லோருக்கும் அனுமதி கிடைத்த மாதிரி. "வாழ்த்துகள்." "அண்ணி, கலக்கறீங்க." "மேன்மேலும் வளரணும்." விளம்பரம் கண்ணில் படும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி ஒரு வார்த்தை அனுப்புவதும், அதையே விளம்பரத்தின் கீழே எல்லோரும் பார்க்க எழுதிவைப்பதும் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கடைக்காரி ஒவ்வொன்றையும் படிப்பாள். படித்துவிட்டு ரொம்ப நேரம் என்ன எழுதுவது என்று யோசிப்பாள்.

இருநூறு பதில் வந்தும் ஜன்னல் ஏன் வரவில்லை என்பதை அவள் தம்பிதான் கண்டுபிடித்தான். அவன் அலுவலகங்களில் நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். காகிதம் சிக்கினால் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிற ஆள் இல்லை. ஏன் சிக்கியது என்று அந்த அலுவலகம் முழுவதையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டுத்தான் வருவான். அக்காவின் போனை வாங்கி உட்கார்ந்தவன், தேநீர் ஆறியது தெரியாமல் அதற்குள்ளேயே கிடந்தான்.

"அக்கா, உன் விளம்பரம் அருமையா வேலை செய்யுது," என்றான் கடைசியில்.

"வாயில நல்லா வருது. ஜன்னல் எங்கடா?"

"நீ ஜன்னல் கேக்கவே இல்லையே. பதில்தானே கேட்ட."

அவன் விளக்கியது இதுதான். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் சின்னக் கடை வைத்திருக்கிற பல பேர் விழுகிற குழி இது.

ஒருவர் தன் போனைத் திறந்து விரலால் தள்ளும்போது, இடையில் ஒரு விளம்பரத்துக்கு இடம் வருகிறது. அந்த ஓர் இடத்துக்குப் பல கடைகள் போட்டி போடும். கண் இமைப்பதற்குள் அங்கே ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடும். அதிகம் கொடுப்பவன்தான் ஜெயிப்பான் என்றில்லை. இந்த ஆள் இந்த விளம்பரத்தைப் பார்த்தால் பொத்தானை அமுக்குவாரா என்று இயந்திரம் ஒரு கணிப்புப் போடும். அமுக்குவார் என்று தோன்றினால் அந்தக் கடைக்கு மலிவாகவே இடம் கொடுத்துவிடும். கணிப்புக்கு ஆதாரம், இதற்கு முன்னால் அமுக்கியவர்கள். அவர்களின் வயசு, பழக்கம், யாரோடு தொடர்பு என்று எல்லாவற்றையும் பார்த்து, அதே சாயலில் இருக்கிறவர்களாகத் தேடிக்கொண்டு போகும்.

புதிதாக ஒரு ஆளை வேலைக்கு வைத்து, "நம்ம கடைக்கு யார் வருவாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வா" என்று அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவன் கூட்டி வருகிறவர்களை "வாங்க வாங்க" என்று நாம் முகம் மலர வரவேற்றால், இவர்களைத்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று அவன் மேலும் மேலும் அவர்களையே கூட்டி வருவான். வந்தவர்கள் ஒன்றும் வாங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. கூட்டி வருவதோடு அவன் வேலை முடிந்தது.

"பொத்தானை அமுக்கினது யாரு? பூரா அத்தான் சொந்தம். அவங்க வீட்டு ஜன்னலுக்கெல்லாம் யாரு வலை போட்டது?"

"நாமதான்," என்றான் ரசமட்டம். "நான் போய் மாட்டிட்டு வந்தேன். கூலி கூட வாங்கல."

"அப்ப இந்த ஊர்லயே இனி கொசுவலை வாங்க வேண்டியதில்லாத ஆளுங்க அவங்க மட்டும்தான். அவங்களையே பாத்துப் பாத்துத் தேடிக் கொடுக்குது. அவங்களைப் போலவே இருக்கறவங்களையும்."

கடைக்காரி சக்கரத்தைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். "நிறுத்தச் சொல்லி அவங்ககிட்ட எப்படிடா கேக்கறது? இப்பத்தான் ஒரு வார்த்தை பேசறாங்க."

"கேக்கவே வேணாம்," என்றான் தம்பி. கண் மின்னியது. அவனுக்குப் பிடித்த இடம் வந்துவிட்டது. "யாருக்குக் காட்டணும்னு கேக்குதுல்ல, அதுக்குக் கீழேயே இன்னொண்ணு இருக்கு. யாருக்குக் காட்ட வேண்டாம். இதுவரைக்கும் செய்தி அனுப்பினவங்க, பக்கத்தைப் பின்தொடர்றவங்க, எல்லாரையும் அதுல போட்டுட்டா அவங்களுக்கு இந்த விளம்பரம் போகாது. இயந்திரமும் புது ஆளுங்களைப் பாத்துக் கத்துக்கும்."

"அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரியவே தெரியாதுக்கா. உலகத்துல விளம்பரம் வரலியேன்னு தேடற மனுஷன் எவனாவது இருக்கானா?"

கடைக்காரி ரசமட்டத்தைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான். "சரி, போடு," என்றாள் அவள்.

முதல் இரண்டு நாள் போன் செத்துக் கிடந்தது. அப்படித்தான் இருக்கும் என்று தம்பி சொல்லியிருந்தான். பழகின பாதையை அடைத்தால் தண்ணீர் வேறு பாதை தேட நேரம் எடுக்கும். மூன்றாம் நாள் தெரியாத ஒருவர் கேட்டார்: "கதவுக்கும் போடுவீங்களா?" அடுத்து ஒரு பெண்: "நாலாவது மாடி. அளவு எடுக்க ஏறி வருவீங்களா, இல்ல நானே எடுத்து அனுப்பணுமா?"

நாலாவது மாடியில் ஏழு ஜன்னல். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போனார்கள். அவன் மூன்று இடத்தில் அளவு சொல்ல, அவள் கையில் எழுதிக்கொண்டாள். கீழே இறங்கும்போது அவன் சீட்டியடித்தான். கல்யாணமான புதிதில் அடித்தது. அப்புறம் அவள் அதைக் கேட்கவே இல்லை. அந்த வாரம் இன்னொரு வீடும் வந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து விசாரித்தார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் முன்பு வாரத்துக்கு ஐம்பது பதில், இப்போது நாலு. ஆனால் நாலும் ஜன்னல்.

கட்டட உரிமையாளர் எதிரே வந்தபோது, "பேப்பர் ரெடி பண்ணி வெச்சுக்குங்க சார்," என்று அவளே சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணி ரசமட்டத்துக்கு போன் செய்தாள். மேசைமேல் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, அவன் ரப்பர் கயிறு வெட்டிக்கொண்டே பேசினான்.

"விளம்பரத்தை நிறுத்திட்டீங்களா?"

"இல்லையே அண்ணி."

"ஓடுதா?"

"ஓடுது. ஏன் அண்ணி?"

"எதிர் வீட்டுக்காரி காட்டினா. அவ போன்ல வருது. என் போன்ல வர மாட்டேங்குது. உங்க அண்ணனுக்கும் வரல. வீட்ல ஒருத்தருக்கும் வரல. எதிர் வீட்டுக்கு வருது, நம்ம வீட்டுக்கு வரலன்னா என்ன அர்த்தம்?"

ரசமட்டம் கத்தரிக்கோலை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லாதே என்று கை காட்டினாள். அவன் ஏற்கெனவே ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தான்.

"நேர்ல வந்து சொல்றோம் அண்ணி," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பெரிய வீட்டுக்குப் போனார்கள். தம்பியை அழைத்துப் போகலாம் என்றது கடைக்காரிதான். இயந்திரத்தின் வேலை இது, மனசில் ஒன்றும் இல்லை என்று அவன் விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கிறாள். நாற்காலிகள் அதே இடத்தில் இருந்தன. மூத்தவர் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அக்கம்பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சும்மா வந்த மாதிரி வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பி நன்றாக விளக்கினான். அவன் வாழ்நாளிலேயே அவ்வளவு நன்றாக விளக்கியிருக்க மாட்டான். ஏலத்தைச் சொன்னான். கணிப்பைச் சொன்னான். வேலைக்கு வைத்த ஆளைச் சொன்னான். மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர்களை ஒரு பக்கமும் மூடிகளை ஒரு பக்கமும் வைத்து, எது எதைத் தேடிப் போகும் என்று நகர்த்திக் காட்டினான். எல்லோரும் முன்னால் குனிந்து கேட்டார்கள்.

மூத்தவர் வியாபாரி. அவருக்குப் பட்டென்று பிடிபட்டது. "அதாவது, கடைக்குப் பிரயோஜனமில்லாத ஆளுங்க யாருன்னு மொதல்ல கண்டுபிடிக்கறீங்க."

"ஆமா பெரியத்தான்."

"கண்டுபிடிச்சு, அவங்களை மொத்தமாக் கழிச்சு விட்டுடறீங்க."

"அதேதான்," என்றான் தம்பி. ஒருவருக்குப் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டான். "அதேதான் பெரியத்தான். இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் புரியாது."

கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

கூடத்தில் யாரோ டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. "பேரு பேரா எழுதியா கழிச்சே?" என்றாள் சுவரோரமிருந்த ஒரு அத்தை.

"பேரெல்லாம் இல்ல அத்தை. செய்தி அனுப்பினவங்க எல்லாரும்னு ஒரே வார்த்தை. அதுவே பாத்துக்கும்."

"பேரு கூட இல்லாமயா," என்றாள் அத்தை.

"இவன் சொல்றது அப்படி இல்ல," என்று கடைக்காரி எழுந்தாள். "அக்கா, நீங்க அனுப்பினதை நான் ஒண்ணு விடாம..."

ஓரகத்தி தன் போனை எடுத்து, விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். குரலை உயர்த்தவில்லை. "உடம்பைப் பாத்துக்கன்னு எழுதினேன். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? 'தங்கள் விசாரணைக்கு நன்றி. விரைவில் தொடர்பு கொள்கிறோம்.' சரி, வேலையா இருப்பான்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள், சாப்பிட்டியான்னு எழுதினேன். தங்கள் விசாரணைக்கு நன்றி. முதுகு வலி இப்ப எப்படி இருக்குன்னு கேட்டேன். தங்கள் விசாரணைக்கு நன்றி."

செய்தி வந்தால் உடனே தானாகவே ஒரு பதில் போகும்படி கடைப் பக்கங்களில் ஒரு வசதி உண்டு. கடை மூடியிருந்தாலும் வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. பக்கம் திறந்த அன்றைக்கே கடைக்காரி அதை வைத்திருந்தாள். ஓரகத்தியின் முதல் செய்திக்கு என்ன எழுதுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பதில் போய்விட்டிருந்தது. அதற்குக் கீழே தான் எழுதினால் எப்படி இருக்குமோ என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இரண்டு வருஷத்து மௌனத்துக்கு ஈடாக ஒரு வாக்கியம் கிடைக்கவே இல்லை.

"நானே எழுதணும்னுதான் நினைச்சேன்க்கா."

"நினைச்சே," என்றாள் ஓரகத்தி. போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

மூத்தவர் தன் தம்பியைப் பார்த்தார். ரசமட்டம் மேசைமேல் பிரித்து வைத்திருந்த மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் டம்ளர்மேல் மூடிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே அது தொடங்கியது. பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். விளம்பரத்தின் கீழே போட்டிருந்த பாராட்டுகளை அழித்தார்கள். யாரும் ஏசவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. போட்டதை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று.

அதற்கும் ஒரு விளைவு உண்டு என்பதைத் தம்பியே எதிர்பார்க்கவில்லை. அந்தப் பாராட்டுகளால் ஜன்னல் வரவில்லை, உண்மைதான். ஆனால் நாலாவது மாடிப் பெண்ணைப் போல வெளியிலிருந்து வருகிறவர்கள் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் கடைப் பக்கத்தை ஒரு எட்டுப் பார்க்கிறார்கள். நானூறு பேர் இருக்கிறார்கள், நூறு பேர் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் நம்பிக் கூப்பிடுகிறார்கள். பதினொரு பேர் இருக்கிற, கீழே ஒரு வார்த்தையும் இல்லாத பக்கத்தைப் பார்த்தால், இருட்டிக் கிடக்கும் கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி போய்விடுகிறார்கள். யாரும் அமுக்காத விளம்பரத்துக்கு ஏலத்தில் மதிப்புக் குறையும். மதிப்புக் குறைந்தால் இன்னும் குறைவான பேருக்குத்தான் போகும். பள்ளிக்கூடத்திலிருந்து விசாரித்தவர் பிறகு பேசவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை.

தம்பி விடவில்லை. வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்துவிடுவான். படத்தை மாற்றினான். வலை முடிந்து நிற்கும் ஜன்னலுக்குப் பதில், அக்கா சக்கரம் உருட்டும் கையைப் படம் பிடித்துப் போட்டான். ஒரே விளம்பரத்தை இரண்டு விதமாக எழுதி, எது எடுபடுகிறது என்று ஒன்றோடு ஒன்றை மோதவிட்டான். ஊரைச் சுருக்கினான், பிறகு அகட்டினான். செய்யவேண்டியதை எல்லாம் முறையாகத்தான் செய்தான். ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரே வரி வந்து நின்றது: கற்றுக்கொள்ளப் போதுமான பதில்கள் இல்லை.

"இதுக்கு என்னடா அர்த்தம்?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது அதிசயம். "அது சரியாத் தேடணும்னா வாரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது நல்ல பதில் வேணும்க்கா. அதைப் பாத்துத்தான் நம்ம ஆளு யாருன்னு அது கத்துக்கும்."

"வாரம் ஐம்பது ஜன்னல்காரங்க வந்தா நான் எதுக்குடா விளம்பரம் போடறேன்?"

"அதான்க்கா."

"அப்ப சின்னக் கடைக்கு?"

"சின்னக் கடையை அது பாதி தெரிஞ்சும் பாதி தெரியாமயும்தான் வெச்சிருக்கும். கூட்டம் இருக்கற இடத்துக்குத்தான் கூட்டம் சேர்க்கத் தெரியும்."

அவள் சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள். "மனுஷன் மாதிரியேதான் இருக்கு," என்றாள். பிறகு கேட்டாள், "கழிச்சவங்களைத் திரும்பச் சேர்த்தா?"

"சேர்க்கலாம். ஒரு நிமிஷ வேலை. அவங்க அமுக்கணுமே."

அவன் போன பிறகு அவளே அந்தப் பகுதியைத் திறந்து, "யாருக்குக் காட்ட வேண்டாம்" என்பதில் இருந்ததை நீக்கினாள். தானாகப் போகிற பதிலையும் நிறுத்தினாள். பிறகு ஓரகத்திக்குத் தன் கையாலேயே எழுதினாள். "அக்கா, சாப்பிட்டீங்களா?" வேறு ஒன்றும் தோன்றவில்லை.

படித்துவிட்டதற்கான அடையாளம் மறுநாள் வந்தது. பதில் வரவில்லை. விளம்பரம் பெரிய வீட்டுக்கு இப்போது போயிருக்கும். எதிர் வீட்டுக்கும் போயிருக்கும். எத்தனை பேருக்குக் காட்டப்பட்டது என்ற எண் ஏறிக்கொண்டே இருந்தது. பொத்தானை யாரும் அமுக்கவில்லை.

மழை பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் கட்டட உரிமையாளர் தாளோடு வந்தார். ரசமட்டம் அதை வாங்கிக் கடைசி வரை படித்தான். மனைவியைப் பார்த்தான். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவருக்கே விட்டுடுங்க சார்," என்றாள், போன் கடைப் பக்கம் தலையைக் காட்டி. உரிமையாளர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அண்ணனிடம் ரசமட்டம் பேசினான். வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்தபடி பேசினான். திரும்பி வந்து, "மாடி அறை காலியாத்தான் இருக்காம்," என்றான். அவள் தலையாட்டினாள்.

மூத்தவரே கிடங்கு வண்டியோடு வந்தார். அறுக்கும் இயந்திரத்தை ஏற்கெனவே ஒருவர் எடுத்துப் போயிருந்தார். கட்டில், அடுப்பு, இரண்டு பெட்டி, மின்விசிறி, ஏணி. அவ்வளவுதான் சாமான். மூத்தவர் அறைக்கு நடுவில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். கடைக்காரி அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள்.

"இந்த மேசை எப்படின்னு கேளுடா," என்றார் தன் தம்பியிடம்.

ரசமட்டம் அவள் பக்கம் திரும்பினான். "மேசை எப்படின்னு..."

"போன் கடைக்காரர் வெச்சுக்கறாராம்னு சொல்லுங்க."

அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். "போன் கடைக்காரர் வெச்சுக்கறாராம்ணே."

"அந்தக் கம்பியெல்லாம்?"

"கம்பியெல்லாம்?"

"எடைக்குப் போட்டாச்சுன்னு சொல்லுங்க."

அவளுடைய தம்பி பெட்டியைத் தூக்கியபடி வாசலில் நின்றுவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

சாமான் ஏறி முடிந்தது. வண்டியின் முன்பக்கத்தில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். மூத்தவர் ஏறி உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்திருந்தார். தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"முன்னாடி வந்து உக்காரச் சொல்லு. பின்னாடி தூக்கிப் போடும். முதுகு வலின்னு உங்கண்ணி சொன்னா."

ரசமட்டம் அப்படியே அவளிடம் சொன்னான்.

"நீங்க உக்காருங்க," என்றாள் அவள். "உங்களை விட்டா அவருக்கு யாரு பதில் சொல்றது?"

பின்பக்கத் தகட்டைப் பிடித்து ஏறி, கட்டில் சட்டத்துக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்து, மின்விசிறி சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தம்பி தன் சட்டையைக் கழற்றி அவள் தலைமேல் போட்டான். போன் கடைக்காரர் சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. முன்னால் கதவு அடித்துச் சாத்தப்பட்டது.